கூடுதுறைக்கு முந்தின கரை

"செத்ததுக்கப்புறமாவது என்னை ரோட்டுல ஏத்தாதீங்க, ஆத்துல கொண்டு போங்க." அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டின மனுசன். தூங்கினது லாரியில், தின்றது லாரியில், சண்டை போட்டதுகூட போனில் லாரியில் இருந்தபடிதான். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டினபோது அண்ணன் குடியிருந்த பூலாம்பட்டியிலிருந்து பவானிக் கூடுதுறைக்கு ஆற்று வழியாக எப்படிப் போவது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

அண்ணி போய்ச் சேர்ந்து வருசமாயிற்று. ஒரே மகன் கார்த்தி, ஆப்பிரிக்காவில் போர்வெல் ரிக்கில் வேலை. அவனுக்கு டிக்கெட் கிடைத்து வருவதற்குள் உடம்பு தாங்காது என்று பங்காளி வீட்டுப் பையன் தீ வைத்துவிட்டான். "அஸ்தியையாவது நான் வந்து கரைக்கிறேன் அத்தை, அதுவரைக்கும் வெச்சிருங்க" என்று போனில் அழுதான். அதனால் அண்ணனைக் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சுடுகாட்டு வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தோம். கார்த்தி வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மணிக்குக் கூடுதுறையில் இருப்பேன் என்றான். நான் புதன்கிழமை கலயத்தை இறக்கினேன்.

எனக்குச் சங்ககிரியில் இட்லிக் கடை. மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டுப் பரிசலில் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "கார்ல போனா வெயில் ஏர்றதுக்குள்ள வந்தரலாம், உனக்கு என்ன கிறுக்கா?" என்றார் பெரியப்பா மகன். "நீங்க கார்ல போங்க, உங்களை யாரு தடுத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பரிசல்காரன் பேர் மாதேசு. மீன் பிடிக்கிறவன், நாற்பது நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். வேட்டித் துண்டும் தலைப்பாகையுமாக எதிர்பார்த்தேன். அரைக்கால் டவுசரும் கிரிக்கெட் பனியனும் போட்டிருந்தான். மூங்கில் பரிசலெல்லாம் இப்போது இல்லை, ஃபைபர்தான். ஏறி உட்கார்ந்ததும் அது ஒரு சுற்றுச் சுற்றியது, நான் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நடுவுல குந்துங்க்கா, ஓரத்தைப் புடிக்காதீங்க. அதும்பாட்டுக்குச் சுத்தட்டும்" என்றான். கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

பூலாம்பட்டியில் ஆறு ஏரி மாதிரி நிற்கும். கீழே கதவணை போட்டுத் தண்ணியைத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கதவணைகள் இருப்பதால் ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. மாதேசு துடுப்பைப் போட்டால்தான் நகரும். பஸ்ஸில் எத்தனை தரம் இந்தப் பக்கம் போயிருப்பேன், ஒரு நாளும் ஆற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஆற்றுக்குள் உட்கார்ந்து கரையைப் பார்த்தால் எல்லா ஊரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், காயப்போட்ட பாவாடை, குப்பை.

முதல் கதவணையில் இறங்கிக் கரையேற வேண்டியிருந்தது. மாதேசு பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். பின்னால் நான், ஒரு கையில் கலயம், அக்குளில் துடுப்பு, தோளில் கட்டுச்சோற்று மூட்டை. எதிரில் சைக்கிளில் வந்த பெரியவர் கலயத்தைப் பார்த்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் தாண்டும்வரை ஓரமாக நின்றார். யார் எவரென்று கேட்கவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோது இந்த மரியாதையை ஒரு செக்போஸ்டிலும் பார்த்ததில்லை.

சோறு சாப்பிடும்போதுதான் சங்கடம். மாதேசு வழியில் வலையை ஒரு இழுப்பு இழுத்து நாலு ஜிலேபி மீன் பிடித்துவிட்டான். கல்லைக் கூட்டி, மிளகாய்த்தூள் தடவி, அங்கேயே சுட்டான். நான் காரியம் முடியும்வரை கவுச்சி தொடக்கூடாது. புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த வாசனையைப் பொறுத்துக்கொண்டேன். "அண்ணனுக்குப் புடிக்குமுங்களா மீனு?" என்றான். "மூச்சு முட்டத் தின்பாரு" என்றேன். "அப்ப அவருக்கு வாசமாவது போகட்டும்" என்று புகையைக் கலயத்துப் பக்கம் கையால் விசிறினான். அவன் சொன்ன தினுசில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொழுது சாயும்போது உண்மையான பிரச்சினை வந்தது. எங்கே தங்குவது?

எங்கள் பக்கத்து முறை இது: அஸ்திக் கலயத்தைத் தரையில் வைக்கக்கூடாது, கூரைக்குக் கீழே கொண்டு போகக்கூடாது, யார் வீட்டு வாசலையும் தாண்டக்கூடாது. கோனேரிப்பட்டிக்கு மேலே ஒரு தென்னந்தோப்பு நல்ல இடமாகத் தெரிந்தது. மாதேசு ஒதுக்கினான். தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. என்ற மகளுக்கு நாளைக்கழிச்சு நிச்சயம். இன்னைக்கு இந்தக் கலயம் எங்க காட்டோரம் இருக்க வேண்டாமுங்க." அவரைக் குறை சொல்ல முடியாது, நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். போகும்போது நாலு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அடுத்த கரையில் மஞ்சக்காடு, வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்து அம்மன் கோயில், கேட்கவே வாய் வரவில்லை. இந்தியா பூராவும் லாரியை நிறுத்தித் தூங்கின மனுசனுக்கு, சொந்த ஆற்றில் ஒரு ராத்திரி நிற்க இடமில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஒரு சாண் எடங்கூடவா இல்லை?" என்று மாதேசிடம் கத்தினேன், அவன் என்னவோ ஆற்றையே வைத்திருக்கிற மாதிரி.

அவன்தான் வழி சொன்னான். ஆற்று நடுவில் ஒரு பாறைத்திட்டு. எந்த ஊருக்கும் சேராது. "நாம பாறை மேல படுத்துக்கலாமுங்க. கலயம் பரிசல்லயே இருக்கட்டும். அது தரையுமில்ல, ஊடுமில்ல. தண்ணி மேலதான இருக்குது." எனக்குச் சட்டென்று மனசு லேசானது. கலயத்தைச் சாக்கைச் சுருட்டி அண்டை கொடுத்துப் பரிசல் நடுவில் வைத்தேன். மாதேசு நீளமாகக் கயிறு விட்டுப் பாறையில் கட்டினான். அண்ணன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தால் பரிசலைக் காணோம்.

நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தது. மாதேசு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, பாறைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். கயிறு நீளமாக இருந்ததால் பரிசல் பாறையைச் சுற்றிக்கொண்டு போய் அங்கே நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது. கலயம் வைத்த இடத்தில் வைத்தபடி. "இப்படியா கட்டுவாங்க? அவுந்து போயிருந்தா?" என்று வைதேன். "தண்ணி ராத்திரியில ஏறும் எறங்குமுங்க்கா. கரண்டு எடுக்கறப்ப தொறப்பாங்க, அப்புறம் மூடுவாங்க. கயிறு தொளதொளன்னு கெடந்தாத்தான் பரிசல் கூடவே ஏறி எறங்கும்" என்றான். காதில் விழுந்தது. விழாமல் இல்லை. ஆனால் பயந்துபோன ஆளுக்கு நியாயம் எங்கே மண்டையில் ஏறும்? இவனை நம்பி இனிமேல் கயிறு கட்ட விடக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. துணி துவைக்கிற பொம்பளைகள் இருந்த ஒரு துறையில் ஒதுங்கினோம். "கூடுதுறைக்கா? யாரு, ஊட்டுக்காரரா?" என்று ஒருத்தி கேட்டாள். "அண்ணன்" என்றேன். "கூடப் பொறந்தவங்க கொண்டு போகக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லி, தூக்குப்போசியிலிருந்து கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள். மோர்மிளகாய் கடித்துக்கொண்டு குடித்தோம். என் கடையில் ஊற்றுகிற கூழைவிட அது நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கடைசிக் கதவணைக்கு மேலே வந்துவிட்டோம். மாதேசு துடுப்பைப் போடுவதை நிறுத்தினான்.

"இங்கயே தங்கிக்கலாமுங்க்கா. நல்ல மணலு, ஆள் நடமாட்டமில்ல. வெள்ளென எந்திரிச்சுப் போயிரலாம். இல்லீங்களா, ஒரே அழுத்தா இன்னைக்கே கூடுதுறை போயிரலாம். ரெண்டுல ஒண்ணு. நடுவுல மட்டும் வேண்டாமுங்க."

அண்ணனும் இதையேதான் சொல்வார். டவுனுக்கு நடு மத்தியில் நிறுத்து, அல்லது பத்து மைல் தள்ளி நிறுத்து, ஊர் விளிம்பில் மட்டும் லாரியை நிறுத்தாதே. அங்கே நிற்கிற வண்டி யாருக்கும் சொந்தமில்லை என்பார். தெரிந்தும் நான் கேட்கவில்லை. என் கணக்கு எனக்கு. கூடுதுறையில் கலயம் போய்ச் சேர்ந்துவிட்டால் காக்க வைக்கக்கூடாது, உடனே கரைக்கணும். கார்த்தி வருவதோ காலையில். கதவணைக்கு மேலே தங்கினால், இருட்டில் பரிசலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்ச் சேர ஏழாகுமோ எட்டாகுமோ. தீ வைக்கத்தான் பிள்ளைக்கு வாய்க்கவில்லை, இதற்காவது ஒரு நிமிசம்கூடத் தாமதமாகக்கூடாது. "தாண்டிப் போயிரலாம். டவுனு ஓரமா எங்கயாச்சும் நிறுத்து" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளினான்.

குமாரபாளையம் தொடங்குகிற இடத்தில் கரை ஒதுங்கினோம். கூடுதுறைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும். விசைத்தறிச் சத்தம் ஆறுவரைக்கும் கேட்டது. ஒரு சாக்கடை ஓடை வந்து விழுகிற முனை, சேறும் ஆகாயத்தாமரையும். மேட்டில் உடைந்த பாட்டில்கள். கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, தேத்தண்ணி வைத்தோம். குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். "பரிசலு யாருது? ஒரு ரவுண்டு வர்றியா?" என்றான் ஒருத்தன். மாதேசு நைசாகப் பேசி அனுப்பினான். அவர்கள் மேடேறிப் போனதும் நான் எழுந்தேன். திரும்பி வந்து அவிழ்த்துக்கொண்டு போனால்?

மாதேசு தொளதொளவென்று கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். தண்ணி ஓரத்தில் வெட்டுப்பட்ட கருவேல மரத்தின் அடிக்கட்டை ஒன்று நின்றது. அதில் கலயத்தோடு பரிசலைச் சேர்த்து இழுத்து, தார்ப்பாய் முடிச்சுப் போட்டேன். லாரிக்காரன் வீட்டுப் பொம்பளைக்கு அந்த முடிச்சு தெரியாமல் இருக்காது. லோடு ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி இழுத்துக் கட்டினால் கயிற்றைச் சுண்டினால் சத்தம் வரணும் என்பார் அண்ணன். சுண்டிப் பார்த்தேன், வந்தது. "அக்கா, இத்தனை இறுக்கம் ஆகாதுங்க" என்றான் மாதேசு. "உன்ற முடிச்சை நேத்தே பார்த்தாச்சு, போய்ப் படு" என்றேன்.

விடியற்காலையில் பாய் நனைந்துதான் முழித்தேன். தண்ணி ஏறி என் காலடிக்கு வந்திருந்தது. அடிக்கட்டையைக் காணோம், அது தண்ணிக்குள். பரிசல் ஒருச்சாய்ந்து, அடிப்பாகம் மேலே தெரிய நின்றது. ராத்திரி தண்ணி ஏற ஏற, பரிசல் ஏற முடியாமல் கயிறு ஒரு ஓரத்தைப் பிடித்து அமுக்கிவிட்டது. என் முடிச்சு அவிழவே இல்லை. சொன்ன மாதிரியே நின்றது.

கலயம் ஆகாயத்தாமரையில் மாட்டி, வாய் கீழாகக் கிடந்தது. கட்டின துணி இல்லை. மாதேசு கழுத்துத் தண்ணியில் இறங்கி எடுத்துக் கொடுத்தான். உள்ளே சேற்றுத் தண்ணிதான் இருந்தது. வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதேன். "தண்ணி அங்கதான போகுது, கூடுதுறைக்கேதான போகுது" என்று மாதேசு திரும்பத் திரும்பச் சொன்னான். "நேத்தே சொன்னேன்" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன் அடித்தது. "அத்தை, வந்துட்டேன். மொட்டை அடிச்சாச்சு. எங்க இருக்கீங்க?" என்றான் கார்த்தி. "இதோ வாரோம் சாமி" என்றேன்.

அப்புறம் நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. மேட்டில் நேற்றுத் தேத்தண்ணி வைத்த அடுப்பு இருந்தது. அதில் வெள்ளையாகச் சாம்பல். கலயத்தை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, மாதேசின் துண்டைக் கிழித்து வாயைக் கட்டினேன். மாதேசு கயிற்றை அறுத்துப் பரிசலை நிமிர்த்திக்கொண்டே பார்த்தான். "அக்கா, வேண்டாமுங்க" என்றான். "பரிசலைத் தள்ளு" என்றேன்.

கூடுதுறைப் படியில் கார்த்தி ஈர வேட்டியோடு நின்றிருந்தான். கறுத்து இளைத்துப் போயிருந்தான். பக்கத்தில் ஐயர் இலை போட்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். பரிசல் முட்டினதுமே முழங்கால் தண்ணியில் இறங்கி வந்து கலயத்தை வாங்கிக்கொண்டான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அப்பா இத்தனை லேசாயிட்டாருங்களா அத்தை?" என்றான். அப்புறம், "தீ வெக்கத்தான் எனக்குக் குடுத்து வெக்கல. இதாவது என்ற கைக்கு வந்துச்சே" என்றான்.

என்னால் முடியவில்லை. கலயத்தைப் பிடுங்கினேன். "இது உங்கப்பன் இல்ல சாமி, அடுப்புச் சாம்பல்" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடிச்சு, தண்ணி, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கம்பக்கத்துப் படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் மெதுவாக, "ஆத்துக்கு வரவேண்டியவர் ஆத்துலயே சேர்ந்துட்டார். மத்ததைப் பண்ணிடலாம்பா" என்றார்.

கார்த்தி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். "ஏன் அத்தை" என்று மட்டும் கேட்டான். கயிற்றைக் கேட்கவில்லை, சாம்பலைத்தான் கேட்டான். அப்புறம் பரிசலில் ஏறி உட்கார்ந்து, "எந்த எடம்னு காட்டுங்க" என்றான்.

எதிர்த்தண்ணியில் போக நேரம் பிடித்தது. நாங்கள் போய்ச் சேரும்போது கதவணையை மூடியிருப்பார்கள் போல, தண்ணி வடிந்துகொண்டிருந்தது. அடிக்கட்டையின் தலை வெளியே தெரிந்தது, அறுத்த கயிற்றோடு என் முடிச்சு அதில் அப்படியே. சாக்கடை நாற்றம் குடலைப் பிடுங்கியது. கார்த்தி யோசிக்கவே இல்லை, மொட்டைத் தலையோடு இறங்கினான். குனிந்து, அடிச்சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி விரலுக்கிடையில் கரைத்துப் பார்த்தான். சாம்பல் போயிருக்கும், எலும்பு கனம், கீழே நின்றிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மாதேசும் இறங்கினான். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

பிளாஸ்டிக் வந்தது. நூல்கண்டுக் குச்சி, பாட்டில் கண்ணாடி. கார்த்தியின் உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது, அவன் பார்க்கவில்லை. வெயில் ஏறி முதுகைச் சுட்டது. எங்களைப் பார்த்துவிட்டு மேட்டிலிருந்து ஒருத்தர், "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று கத்தினார். நாங்கள் அள்ளிக்கொண்டே இருந்தோம்.

கார்த்தி நிமிர்ந்தான். உள்ளங்கையைத் தண்ணியில் அலசி என் முகத்துக்கு நேரே நீட்டினான். சுண்டுவிரல் நகத்தளவு, வெள்ளையாக, ஒரு பக்கம் உடைந்தது. எலும்பாக இருக்கலாம். நத்தை ஓட்டின் துண்டாக இருக்கலாம். அந்தச் சேற்றில் நத்தை ஓடு எத்தனையோ கிடந்தது, என் காலிலேயே நாலைந்து குத்தியிருந்தன.

"இதுதானுங்களா அத்தை?" என்றான். சின்ன வயசில் அப்பாவின் லாரி வருகிறதா என்று கேட்கிற அதே முகம்.

காலையில் ஒரு பொய்யைத் தாங்க முடியாமல் படியில் உட்கார்ந்து அழுதவள் நான். இப்போது எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"அதுதான் சாமி" என்றேன்.

கையை மூடிக்கொண்டான். மாதேசு பரிசலைக் கொண்டுவந்து நிறுத்தினான். கூடுதுறை போய்ச் சேரும்வரை கார்த்தி அந்தக் கையைத் திறக்கவே இல்லை.